வண்டி போன பிறகு அந்தக் கவிதையில் என்ன வரும்?

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில், தொழிற்சாலையில் வேலையாக நின்றபோது எனக்குத் தொலைபேசி என்றார்கள். துரை அண்ணர். "தம்பி, அவ போயிட்டா," என்றார். அவர் மனைவி பரமேஸ்வரி அக்காவைத்தான் சொல்கிறார் என்று விளங்கவே நேரம் பிடித்தது. "என்ன அண்ணை சொல்லுறியள்? ஞாயிற்றுக்கிழமை கதைச்சவ எல்லே!" என்று அவரிடமே கோபப்பட்டேன். அடுத்த கணம், ஐயோ, அக்கா சொல்லும் அந்தக் கவிதைகள் என்ன ஆகும் என்று பயந்தேன். அக்காவை அறிந்த உங்களுக்கும் அந்தப் பயம் வந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கல்கத்தாவில் படித்தவர் அக்கா. அங்கே மனனம் செய்த, இக்கால வங்கக் கவிஞர் ஒருவரின் கவிதைகளை மாதம் ஒரு ஞாயிறு தன் கிளென் வேவர்லி வீட்டில் எங்களுக்குச் சொல்வார். முதலில் வங்காளத்தில், பிறகு தமிழில். குசினியில் இறைச்சிக்கறி மணக்கும். கவிதை முடியும்வரை கடிக்க ஒரு ரோல்ஸ்கூடக் கிடையாது. "அக்கா, சாப்பிட்டிட்டுக் கேப்பமே?" என்று ஒருநாள் கெஞ்சினேன். "வயிறு நிறைஞ்சா உமக்குப் பஞ்சமும் தாலாட்டுத்தான். பேசாமல் இரும்," என்றார். எனக்குப் பசி பொறுக்காது. நல்ல எரிச்சல்.

"சந்தோசமான கவிதை ஒண்டும் இல்லையோ அக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஏன் இல்லை? நெல்லு விளைஞ்ச கவிதை இருக்கு. ஆருக்கு விளைஞ்சது எண்டு கேட்காதவரைக்கும் சந்தோசம்தான்."

வங்கத்தில் வெள்ளம் என்று வானொலி சொன்ன மாதம், அக்கா கதிரையில் இருக்கமாட்டாமல் நடந்தார். அங்கே அவருக்கு உறவென்று யாருமில்லை. கவிதையில் வரும் ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு என்ன ஆனதோ என்றுதான் பதற்றம். "கவிதையில வாற ஆக்கள்தானே," என்றேன். "ஓம். அவையளைக் கண்டுதானே எழுதினவர்," என்றார். அன்று எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

ஒலிப்பதிவுக் கருவி கொண்டுபோனேன், தொடவிடவில்லை. "பதிஞ்சு போட்டியள் எண்டா ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டியள்." புத்தகமும் இல்லை. கவிஞரின் பெயரைக்கூட நாங்கள் ஒழுங்காகக் கேட்டு வைக்கவில்லை.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் துரை அண்ணர் என்னைக் கூப்பிட்டார். "அந்த நெல்லுக் கவிதையைச் சொல்லும் தம்பி."

எழும்பினேன். அறுவடை முடிகிறது. களத்தில் நெல் குவிகிறது. உழுதவனின் மனைவி புடைக்கச் சுளகோடு நிற்கிறாள். ஜமீன்தாரின் ஆட்கள் அளந்து ஏற்றுகிறார்கள். வண்டி போகிறது. அதற்குமேல் வரவில்லை. துரை அண்ணர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வண்டி போகும்வரைதான். அதுவும் நழுவிவிடுமோ என்று ரயிலில் முணுமுணுத்தபடி போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறிடம் பார்க்கிறார்கள். சுளகோடு அவள் இன்னும் களத்தில்தான் நிற்கிறாள். அன்று அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா? உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?