பிரேக் மாஸ்டர் கட்டிய கம்ப்யூட்டர்

சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. படத்தில் எவனோ ஒருவன் காரை வளைவில் வேகமாகத் திருப்பிவிட்டான். "பாத்தியா, பாத்தியா... இண்டிகேட்டர் போட்டானா பாரு" என்று மனைவியிடம் முறையிடுகிறார். மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் மட்டும் தரைவிரிப்புக்கு வழுக்கை விழுந்திருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், இவர் காலடியில் ஒரு பிரேக். இவருடையதுதான் சீக்கிரம் தேயும். அதனால் தெருவில் பெயரே 'பிரேக் மாஸ்டர்' என்றாகிவிட்டது. "அவசரப்படாத தம்பி. கண்ணாடி பாரு. மெதுவா. அழுத்தாத!" இவ்வளவுதான் அவர் பாடத்திட்டம். ஐம்பது வயதுக்காரர் கற்றுக்கொள்ள வந்தாலும் தம்பிதான்.

அந்த 'அழுத்தாத' வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காலிங் பெல்லைத் தடவிப் பார்ப்பாரே தவிர அடிக்க மாட்டார். ஜாம் பாட்டில் மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போவார். அடுத்து எடுக்கிறவர் கையோடு மூடி மட்டும் வரும். கேட்டால், "இறுக்குனா மூடியோட மரை தேஞ்சிடும்" என்பார்.

மனைவி வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர், ஒரு விலங்கியல் புத்தகத்தின் நடுவில், தவளையின் இதயம் வரைக்கும் வந்து உயிரை விட்டது. புத்தகம் வேறொரு டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். சேதி காதில் விழுந்ததும் போன் செய்தார். "கவலப்படாதக்கா, ரெடியா ஒண்ணு அனுப்பிவிடறேன்."

மாஸ்டர் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "வேணாம் மாப்ள. பார்ட்ஸ் மட்டும் அனுப்பு. நானே மாட்டிக்கறேன்."

இந்த வீம்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒரு கல்யாணத்தில், உறவுக்காரர்கள் சூழ உட்கார்ந்திருந்த நேரத்தில், இதே மைத்துனர், "எங்க மாமாவுக்கு ஸ்டியரிங்கத் தவிர வேற எதையும் திருப்பத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சுருக்கென்றது.

சனிக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேஜை ஒர்க் ஷாப் ஆனது. பழைய போர்வையை விரித்து, அட்டைப்பெட்டிகளை வரிசை கட்டி, செல்போனில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபடி மாட்டினார். திருகாணிகளைக் கிண்ணங்களில் போட்டு வைத்ததால் அன்றைக்கு வீட்டில் தட்டோடு சரி, கிண்ணம் கிடையாது. மாட்டி முடித்ததும் வயர்களைக் கட்ட உட்கார்ந்தார். பெட்டிக்குள் மதர்போர்டைத் தாங்கும் தகட்டுக்குப் பின்பக்கம் ஒவ்வொன்றாக இழுத்து, நீவி, கருப்புப் பட்டையால் கட்டி, நீண்ட நுனியை நகவெட்டியால் நறுக்கினார்.

"ஜட பின்னுற மாதிரி பின்னிட்டிருக்கீங்களே, இது ஓடுமா?" என்றார் மனைவி.

"ஓடாம என்ன? நான் மாட்டுனது."

ஞாயிற்றுக்கிழமை காலை டீ முடிந்ததும் பட்டனில் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப வைத்தார். பெட்டி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பின்னாடி ஒரு சுவிட்சு இருக்குமே, அதப் போட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அதத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பவர் சப்ளையின் முதுகில் இருந்த சுவிட்ச் அணைந்துதான் கிடந்தது. போட்டுவிட்டு வந்து பட்டனைத் தொட்டார். மின்விசிறிகள் விர்ரென்று சுழன்றன. மாஸ்டர் முகம் மலர்ந்து முடிப்பதற்குள் நின்றன. மறுபடி விர்ர், மறுபடி நின்றன.

"கிளட்ச்ச பட்டுனு விட்டுட்டான்" என்றார். முகத்தில் கலக்கமே இல்லை. கிளம்பிய வண்டி துள்ளி நிற்பதைத்தானே தினமும் பார்க்கிறார். என்ஜினுக்குப் பெட்ரோல் போகிறதா என்று தேடுகிற மாதிரி, பிராசஸருக்குக் கரண்டு போகிற வழியைத் தேடினார். மதர்போர்டின் மேல் மூலையில் ஒரு சொருகுவாய் காலியாக வாய் பிளந்திருந்தது. அதில் மாட்ட வேண்டிய கேபிளை, அழகாக இருக்கட்டும் என்று, மற்ற வயர்களோடு சேர்த்துப் பின்பக்கமே கட்டிப் போட்டிருந்தார். ஜடையைப் பிரித்து, கேபிளை உருவி மாட்டி, ஜடையைத் திரும்பவும் பின்னினார். பின்னாமல் விட மனசு வரவில்லை.

இந்த முறை விசிறிகள் நிற்காமல் சுற்றின. மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது. மதர்போர்டில், ரேமுக்குப் பக்கத்தில், பொட்டு மாதிரி ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"ஆரஞ்சுதானே, மாறிடும்" என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சிக்னலை மதிக்கிற மனிதர். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்த மனைவி, அவர் அப்படியே நிற்பதைப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"வெயிட் பண்றேன்."

விளக்கு மாறவில்லை. மதர்போர்டோடு வந்த கையேட்டைப் புரட்டினால், அந்த விளக்கு எரிந்தால் ரேமில் கோளாறு என்று போட்டிருந்தது. கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு ரேம் பட்டைகளையும் உருவி, துடைத்து, ஊதி, பூப்போல வைத்தார். விளக்கு எரிந்தது. இடம் மாற்றி வைத்தார். எரிந்தது. மதியச் சாப்பாட்டைக் கையில் தட்டை வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள், மேஜைதான் போய்விட்டதே.

"தம்பிக்குப் போன் போடட்டுமா?"

"வேணாம்."

மனைவி சண்டைக்கு நிற்கவில்லை. "போன தடவ லேட்டானதுக்கே பதிப்பகத்தம்மா முகம் குடுத்துப் பேசல. இந்த வாட்டி வேற ஆளப் பாத்துப்பாங்க. தவள இதயத்த நான் கையாலயா வரைஞ்சு குடுக்கறது?" என்று மட்டும் சொன்னார். தட்டைக் கழுவினார். போய்த் தன் மேஜையில், கம்ப்யூட்டர் இல்லாத இடத்துக்கு எதிரே, சும்மா உட்கார்ந்துகொண்டார்.

அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். அப்புறம் தானே போனை எடுத்தார். எடுத்தவர், பேரைத் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, வேலயா இருக்கியா? ஒண்ணுமில்ல... சும்மாதான் கூப்பிட்டேன். ஆரஞ்சு எரியுது."

மைத்துனர் சிரிக்கவில்லை. வீடியோவில் பார்த்துவிட்டு, "ரேம் முழுசா உக்காரல மாமா. ஆஃப் பண்ணிட்டு நல்லா அழுத்துங்க. டிக்குனு சத்தம் வரணும்" என்றார்.

மாஸ்டர் கட்டைவிரலை வைத்தார். "அழுத்திட்டேன்."

"தடவுறீங்க மாமா. அழுத்துங்க."

"போர்டு வளையுதுடா!"

"வளையும். பரவால்ல. இன்னும்."

நெற்றியில் வியர்வை அரும்பியது. விரல் நகரவில்லை. வாழ்நாள் முழுக்க ஊருக்குச் சொன்ன ஒரே சொல் அவர் கட்டைவிரலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி எழுந்து வந்தார். "நகருங்க" என்றார். இரண்டு கட்டைவிரல்களையும் பட்டையின் இரு முனைகளில் வைத்தார்.

"மெதுவா... மெதுவா... ஏய், அழு..."

டிக். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மேஜைக்கு அடியில் கால் தரையில் மடாரென்று விழுந்தது. அடுத்த பட்டையும் டிக். கண்ணைத் திறந்தபோது மனைவி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் உடையவில்லை.

பட்டனைத் தொட்டதும் ஆரஞ்சு ஒருமுறை மினுக்கி அணைந்தது. மூவரும் மானிட்டரையே பார்த்தார்கள், ஒருவர் போனுக்குள்ளிருந்து. மானிட்டர் இருட்டாகவே இருந்தது.

"விடுங்க மாமா, நான் கிளம்பி வர்றேன்" என்றார் மைத்துனர்.

"இரு. கண்ணாடி பாத்துடறேன்."

"கண்ணாடியா?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. குளியலறைக்குப் போய் சவரக் கண்ணாடியை எடுத்து வந்தார். மேஜை சுவரை ஒட்டி இருந்ததால் பெட்டியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவு நேரமும் கையால் தடவித்தான் மாட்டியிருந்தார். கண்ணாடியைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நுழைத்து, கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிப் பார்த்தார். கீழே கிராஃபிக்ஸ் கார்டில் சொருக வேண்டிய மானிட்டர் கேபிள், மேலே மதர்போர்டின் வாயில் சொருகியிருந்தது.

"தப்பான லேன்ல நிக்கிறான்டா!"

குரல் அடுத்த வீடு வரை கேட்டிருக்கும். உருவி மாற்றினார். மானிட்டர் ஒருமுறை இமைத்து விழித்தது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. விண்டோஸ் இன்னும் ஏற்றவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்கிற எழுத்துகள்தான். மாஸ்டருக்கு அது பட்டுக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. போனுக்குள் மைத்துனர் கைதட்டினார்.

விண்டோஸ் ஏற்ற அவரே நேரில் வந்தார். வந்தவர் முதலில் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சத்தை மூலை மூலையாக நகர்த்தினார். மாஸ்டர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, எதுனா தப்பா?"

"இல்ல மாமா. கடைல தெனம் மாட்டுறோம். ஒருத்தனுக்கும் வயர் இப்படிக் கட்ட வரல." செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார். "பசங்களுக்குக் காட்டணும்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவரே போய்ப் போட்டார். அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

சாயங்கால வெளிச்சம் சாய்வதற்குள் பெட்டி மனைவியின் மேஜைக்கு இடம் மாறியது. திரையில் தவளையின் இதயம் சிவப்பும் நீலமுமாக வந்து நின்றது. மனைவி நாற்காலியை இழுத்து உட்காரப் போனார்.

"இரு" என்றார் மாஸ்டர்.

முதல் நாள் பாடத்துக்கு வந்தவருக்குக் கார் சீட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, இருக்கைக்கு அடியில் இருந்த நெம்புகோலைப் பிடித்து நாற்காலியை இரண்டு விரல் உயர்த்தினார். மனைவியை உட்காரச் சொல்லி, முழங்கை மேஜை மட்டத்துக்கு வருகிறதா என்று எட்ட நின்று பார்த்தார். போதவில்லை போலும். இன்னும் ஒரு விரல் உயர்த்தினார். மவுஸை அவர் வலது கைப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.