பெயர் எழுதாத தாள்

உழவர்கரை மாத்திரைக் கம்பெனியில் ஸ்டெல்லாமேரி வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. பெல்ட்டில் ஓடிவரும் அட்டைகளில் மாத்திரை விழாத குழி இருந்தால் அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும். அதுதான் வேலை.

கம்பெனி நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் அவளால் சட்டென்று சொல்ல முடியாது. கணவர் லூர்துநாதன் இறந்தபோது ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள். கூட வேலை செய்கிறவர்களைக் கல்லறைவரை கம்பெனி வேனே ஏற்றி வந்தது. அதே கம்பெனிதான் போன வருடம் கழிவறைக்கு டோக்கன் வைத்தது. நாற்பது பெண்களுக்கு இரண்டே டோக்கன். இரண்டும் வெளியே போயிருந்தால் மூன்றாமவள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு நாள் டோக்கன் கிடைக்காமல், பக்கத்தில் நின்ற மோனிக்கின் உடை கறையாகிவிட்டது. யூனிபார்ம் கோட்டை இழுத்து மறைத்துக்கொண்டு, ஷிப்ட் முடியும்வரை அவள் சத்தமில்லாமல் அழுதாள். பன்னிரண்டு வருடமாக இருவரும் வேனில் ஒரே சீட். மதியம் ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொள்வாள்.

அடுத்த வாரம் எச்.ஆர். மேடம் லினெட் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். "பேரு எழுத வேணாம். மனசுல இருக்கறத எழுதுங்க."

பலர் 'எல்லாம் நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஸ்டெல்லாமேரி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். மோனிக் பெயரையோ வேறு யார் பெயரையோ அவள் எழுதவில்லை.

பத்து நாளில் டோக்கனை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே நோட்டீஸ் போர்டில் இன்னொரு தாளும் ஒட்டியிருந்தது. பெண் ஊழியர்கள் அளித்த புகாரின்பேரில் சூப்பர்வைசர் ஜானகிராமன் தவளக்குப்பம் குடோனுக்கு மாற்றப்படுகிறார்.

ஜானகிராமன், மேலே இருப்பவர்கள் பார்க்காத நேரத்தில் டோக்கன் இல்லாமலே பெண்களை அனுப்பியவர். மழை நாளில் கடைசிப் பெண் வேன் ஏறும்வரை வாசலில் நிற்பார்.

"நல்ல மனுசன் மேல எவடி எழுதுனா?" என்று கேன்டீனில் ஒருத்தி கேட்டாள்.

"ஸ்டெல்லாதான் ரெண்டு பக்கமும் எழுதிக்கினு இருந்தா" என்றாள் மோனிக்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு பெஞ்சில் அவள் உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான். மோனிக் வேனில் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டாள். ஸ்டெல்லாமேரி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் வைத்தால் யாரும் வர வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று நினைத்தாள். யாரும் வரவில்லை.

மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறினாள். குடோனில் ஜானகிராமன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தனியாக நின்றிருந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சார், நான் உங்க மேல எழுதல. டோக்கனப் பத்திதான் எழுதுனேன்."

"தெரியும்மா. நீ எழுதுனது நியாயந்தான்."

"அந்த ரூல் மேனேஜர் போட்டதுன்னு எனக்குத் தெரியும். யாரையும் மாட்டிவிட வேணாம்னுதான் பேரு எழுதல."

"நீ பேரு எழுதாததால, அவங்களுக்கு வேண்டிய பேர எழுதிக்கினாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் நேராக லினெட்டிடம் போனாள். டோக்கன் வைத்தது மேனேஜரின் உத்தரவு, ஜானகிராமன் மேல் தனக்குப் புகார் இல்லை என்று ஒரு தாளில் எழுதியிருந்தாள். கீழே முழுப்பெயரில் கையெழுத்து.

லினெட் தாளை வாங்கவே தயங்கினாள். "அக்கா, இதக் குடுத்தா முன்னாடி எழுதுனது நீங்கதான்னு ஆயிடும். மேனேஜரும் பாப்பாரு."

"பாக்கட்டும் மேடம். நான்தானே எழுதுனேன்."

மேனேஜர் கூப்பிட்டுத் திட்டவில்லை. எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார். ஒரு மாதம் ஓடியது. ஒரு மதியம் ஜானகிராமன் போன் செய்தார். "ஆர்டர மாத்திக் குடுத்திருக்காங்கம்மா. புகார்னு இருந்த வரிய எடுத்துட்டாங்க. அங்க திரும்பி வர முடியாது. ஆனா வீட்ல காட்டலாம்."

போனை வைத்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கை கழுவும் குழாயடியில் மோனிக் நின்றிருந்தாள்.

"சாருக்கு ஆர்டர மாத்திட்டாங்க. புகார்னு இல்ல இப்ப."

மோனிக் கையை உதறினாள். "அப்படியா" என்றாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஸ்டெல்லாமேரி குழாயைத் திறந்து, நிதானமாக இரண்டு கையையும் கழுவினாள். பெல்ட் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றாள்.