தம்பி மனைவிக்குத் தலையில் அடிபட்ட வருடம்

என் தம்பி மனைவி ரஷ்யாக்காரி. ஐஸ் ஹாக்கி ஆடுகிறவள். இதைச் சொன்னதும் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் போட்டோ கேட்பார்கள். போட்டோவில் அவள் முகம் சரியாகத் தெரியாது. தலையில் ஹெல்மெட், முகத்துக்கு முன்னால் கம்பிவலை, தோளிலும் முழங்காலிலும் தடித்த தடுப்புகள். "இதுக்குள்ள இருக்கறது பொண்ணுதான்னு எப்படி டீச்சர் நம்புறது?" என்று ஒருமுறை தலைமையாசிரியர் கேட்டார்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் எங்களைப் படிக்க வைத்தார்கள். நான் கணக்கு டீச்சரானேன். தம்பி மருத்துவம் படிக்க ரஷ்யா போனான், படித்து முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டான். அவன் பயிற்சியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு மணிக்கட்டு முறிந்து வந்தவள்தான் அவள். அங்கே பதிவுத் திருமணம், இங்கே மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றல். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

அவள் பிறந்தது ஒரு தொழிற்சாலை ஊரில். அவளுடைய அப்பா குடியிருப்பின் முற்றத்தில் குழாய் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி உறைய விடுவாராம். அதில்தான் சறுக்கக் கற்றுக்கொண்டாள். பெண்களுக்கு அணி இல்லாததால் பையன்களோடு ஆடினாள். பதினாலு வயதில் வேறு ஊர் விளையாட்டு விடுதிக்குப் போனாள். சேர்ந்த முதல் கிளப் காசில்லாமல் கலைந்து போனது. இன்னொன்றில் இடம் பிடித்துத் தடுப்பு ஆட்டக்காரியாக நின்றாள். நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அவள் உலகக் கோப்பைக்குப் போகப்போகிறாள் என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த நேரத்தில் போர் வந்தது. அவள் நாட்டு அணியை உலகப் போட்டிகளில் சேர்க்கவில்லை. மிச்சம் உள்நாட்டு லீக் மட்டும்தான்.

அந்த ஆட்டங்களைச் செல்போனில் பார்ப்பேன். பார்ப்பேன் என்று சொல்வது சரியில்லை. விதிகள் எனக்கு இன்றும் முழுக்கப் புரியாது. அவள் முதுகில் இருக்கும் எண் எங்கே போகிறது என்று மட்டும் தேடிக்கொண்டிருப்பேன். அது கீழே விழுந்தால் எழுகிறவரை என்னால் மூச்சு விட முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது எழவில்லை. கோல் வலைக்குப் பின்னால் கிடந்த ரப்பர் வட்டை எடுக்க அவள் முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள். எதிரணிப் பெண் வந்த வேகத்தில் நிற்க முடியாமல் மோதினாள். இவள் தலை தளத்தைச் சுற்றி நிற்கும் தடுப்புப் பலகையில் இடித்தது. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. தம்பிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்து அம்மா கத்தியபோதும் நான் நகரவில்லை. நெடுநேரம் கழித்து அவன் கூப்பிட்டான்.

"நினைவு இருக்குக்கா. பேசுறா. ஆனா இந்த வருஷத்துல இது ரெண்டாவது தடவ."

நாட்கள் போயும் தலைவலி போகவில்லை. வெளிச்சம் கண்ணில் குத்தியது. நாலு வரி படித்தால் குமட்டியது. தம்பிக்கு ஆஸ்பத்திரியில் ஓயாத வேலை. "தனியா இருந்தா ஐஸ் தளத்துக்குப் போயிடுவாக்கா. அங்க அனுப்பட்டுமா?" என்று கேட்டான். வைகாசி வெயிலில் இங்கேயா என்று யோசித்தேன். அனுப்பு என்றுதான் சொன்னேன்.

திருச்சி விமான நிலையத்தில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும் "அக்கா" என்றாள். தம்பி கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியது. நாங்கள் இருவரும் பேசுவது இங்கிலீஷும் தமிழும் கலந்த ஒரு பாஷை. இங்கே தமிழாகவே எழுதுகிறேன்.

உள்ளறை ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி இருட்டாக்கினேன். அப்போதுதான் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் தெரு கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர், வாய் நேராக அந்த ஜன்னலைப் பார்த்து. விழாக் கமிட்டிக்காரர்களிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"தலையில அடிபட்ட பொண்ணு இருக்குதுங்க. அந்தக் குழாயக் கொஞ்சம்..."

"நம்ம டாக்டர் தம்பி சம்சாரமா? இத முன்னாடியே சொல்லப்படாதா டீச்சர்? ஆத்துப் பக்கம் திருப்பி விட்டா போச்சு."

திருப்பி விட்டார்கள். அம்மாவின் வாயை அப்படித் திருப்ப முடியவில்லை. "ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு புள்ளயப் பெத்துக்கிட்டு நிம்மதியா இருக்கச் சொல்லு" என்று மருமகள் காதில் விழும்படியே சொல்வாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து என் பயம் கூடியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் அவள் விழுந்து கிடப்பது போலத் தோன்றும். இடைவேளையில் அம்மாவுக்குப் போன் செய்வேன். "தூங்குறாடி, நீ பாடத்த நடத்து" என்பாள் அம்மா.

மேட்டூர் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த வாரம். ஒருநாள் காலை எழுந்தால் அவள் அறையில் இல்லை. கொல்லையில் இல்லை. வாசலில் அவள் ஷூவும் இல்லை. அம்மா ஒரு பக்கம் ஓடினாள், நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை ரோட்டில் போனேன். தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

மதகுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாந்தி. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த ஒரு பெரியவர் தன் துண்டை நனைத்து அவள் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடிப் பாத்தேன் அக்கா," என்றாள். "ஓட முடிஞ்சா ஆட முடியும்னு நினைச்சேன். உங்க தம்பிகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லுவேன்," என்றேன். "இப்பவே சொல்லுவேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முன்னாலேயே தம்பிக்குப் போன் போட்டேன். அவன் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னான். கார் பிடித்துத் தஞ்சாவூர் போகும் வழி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் தலையை என் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மட்டும் மறுக்கவில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ரத்தக் கசிவு இல்லை என்றார்கள். டாக்டர் அம்மா அவளிடம் நேராகவே பேசினார். "மூளை இன்னும் ஆறலம்மா. இந்த சீசன் கிடையாது. மறுபடி அடி வாங்குனா நான் எதுக்கும் பொறுப்பு சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது அவள் அழுதாள். "எங்கள உலகத்துலயும் ஆட விடல. இப்ப ஊருக்குள்ளயும் இல்லன்னா நான் யாரு அக்கா? பதினாலு வயசுலேருந்து எனக்கு வேற எதுவும் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளை உட்கார வைத்து ரசஞ்சாதம் ஊட்டினாள். அன்றைக்குப் பிள்ளைப் பேச்சை எடுக்கவில்லை. பிறகும் அவ்வளவாக எடுக்கவில்லை.

ஆடி முடிவதற்குள் தலைவலி குறைந்தது. அவள் ஊருக்குப் போனாள். அந்த சீசன் முழுக்கப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்தில் ஒரு சின்னப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு கிளப் அவளை விட்டுவிட்டது. அடுத்த வருடம் ஒரு சிறிய கிளப் கூப்பிட்டது. டாக்டர்கள் சம்மதித்தார்கள், தம்பி சம்மதித்தான். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

அந்த வருடம் அவள் நன்றாக ஆடினாள் என்று சொல்கிறார்கள். சீசன் முடியும் சமயத்தில் ஒரு மோதல். அவள் விழக்கூட இல்லை, தடுமாறி நின்றாள், அவ்வளவுதான். ஆனால் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தானாகவே வெளியே சறுக்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்கவில்லை. வசந்தத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டாள்.

இப்போது அந்தச் சிறிய கிளப் இருக்கும் ஊரிலேயே சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். போன வாரம் கூப்பிட்டாள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி பலகையில் மோதி விழுந்துவிட்டாளாம். ஒன்றும் ஆகவில்லை, எழுந்து ஆடப் போய்விட்டாள்.

"என்னாலதான் அக்கா பெஞ்சுலேருந்து எழுந்திரிக்க முடியல," என்றாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.