நான் படிக்காத கடைசி வரி

2009-ம் ஆண்டு. கொல்லிமலையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கம்ப்யூட்டர் மையத்துக்கு நான் பொறுப்பாளர். அங்கே இருந்தது மூன்று கம்ப்யூட்டர், நத்தை வேக இன்டர்நெட், அப்புறம் என் வாய்ச்சவடால்.

மலைமேலேயே குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியிலிருந்து ஒரு பெண் வருவார். பிளஸ் டூ முடித்தவர், கையில் ஒரு வயதுக் குழந்தை. மலையிலேயே ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, நாமக்கல்லில் ஆறு மாதக் கோர்ஸ் சேரட்டுமா என்று என்னிடம் யோசனை கேட்டார். நான்தான் தடுத்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே இன்டர்நெட்டில் இலவசமாகச் சொல்லித் தருகிறது, சர்டிபிகேட்டும் தருவார்கள் என்று அளந்துவிட்டேன்.

மையத்தில் வீடியோ ஓடாது. சனிக்கிழமைதோறும் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு பஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து டவுனுக்குப் போய்ப் பாடங்களை பென் டிரைவில் ஏற்றிவருவேன். அந்த இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரியும். அவரோ ஒரே பாடத்தை நாலு தடவை ஓட்டி, அகராதியைப் புரட்டிப் புரட்டி நோட்டில் எழுதுவார்.

அந்தப் பக்கம் சாமை அறுப்புக்கு ஒருவர் காட்டுக்கு, அதாவது வயலுக்கு, மற்றவர் கூலி வாங்காமல் போவார். நாம் போனால்தான் நமக்கு ஆள் வரும். அந்த வருஷம் படிப்பே கதியென்று அவர் யார் காட்டுக்கும் போகவில்லை.

"வேல கெடச்சிட்டா கீழருந்து கூலிக்கு ஆளு கூட்டியாந்து அறுத்துக்கலாமுங்க சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

வேலைக்கு விண்ணப்பம் கேட்டார்கள். சர்டிபிகேட் வேண்டும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வெப்சைட் முழுக்கத் தேடினேன். முதல் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: இந்தப் பாடங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படாது. முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் அவ்வளவு தூரம் இறங்கிப் படிக்கவே இல்லை. அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன்.

"அப்ப நானு படிச்சதுக்கு ஒரு காயிதங்கூட இல்லீங்களா சார்?"

அவர் விண்ணப்பத்தை அந்த அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மையத்துக்கு வருவதையும் அவர் நிறுத்திவிட்டார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று சில வாரம் கழித்து அவர் ஊருக்குப் போனேன். விடாத மழை. காட்டில் அவரும் கணவரும் மட்டும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சாமை கதிரிலேயே முளைவிட்டிருந்தது. ஊராரைக் குறை சொல்ல முடியாது. அவரவருக்குக் கைம்மாறு செய்ய வேண்டிய காடுகள் இருந்தன. நான் ஓர் அரிவாள் கேட்டேன்.

"உங்களுக்கு அறுக்க வராதுங்க சார். நனையாதீங்க, ஊட்டுக்குப் போங்க" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லாததுதான் என்னைக் கொன்றது.

இலவசம் என்று நான் வாய் கூசாமல் சொன்ன படிப்புக்கு அந்தப் பெண் ஒரு வருஷத்துச் சாமையைக் கொடுத்தார். அதில் எதையும் இழக்காதவன் நான் ஒருவன்தான் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.