கை பழகின வேலை

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில வச்ச பேரு பூனை. நடந்தா சத்தமே வராது. வார்டு உதவியாளர் வேலை. நோயாளியைத் தூக்கி உக்கார வைக்கணும், தள்ளுவண்டியில வச்சு எக்ஸ்ரே அறைக்குக் கொண்டு போகணும், வாந்தி எடுத்தா துடைக்கணும். தூங்குற ஆள் முழிக்காமலே அடியில இருக்கிற விரிப்பை உருவிட்டு வேற விரிப்பு போட்டுடுவாருன்னு நர்சுங்க சொல்வாங்க. நான் அவருக்கு நேர் எதிர். நான் ஒரு அறைக்குள்ள நுழைஞ்சா பக்கத்து வீட்டுக்கும் தெரிஞ்சுடும். தையற்கடை வச்சிருக்கேன், மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசியே பழகிட்டேன்.

சின்னவ, அதான் என் தங்கச்சி, அதே ஆஸ்பத்திரியில சலவைப் பிரிவுல வேலை பார்த்தா. இவரு தினமும் அங்க வந்து ஜன்னல்கிட்ட நின்னு, "வெள்ளை விரிப்பு இருக்குங்களா?"ன்னு கேப்பாராம். ஏன், மத்தவங்களுக்கெல்லாம் பூப்போட்ட விரிப்பா குடுத்தாங்க? கடைசியில இவதான், "விரிப்பு இருக்கு. வேற ஏதாவது கேக்கணும்னா கேட்டுடுங்க, எனக்கு வேலை கிடக்கு"ன்னு சொல்லியிருக்கா. மனுஷன் காது வரைக்கும் சிவந்துபோய், அன்னிக்கு விரிப்பைக்கூட வாங்காம ஓடிட்டாரு. அப்புறம் நான் போய், "என்ன மாப்பிள்ளை, கட்டிக்கிறீங்களா, இல்ல விரிப்பு மட்டும் போதுமா?"ன்னு கேட்டு முடிச்சு வச்ச கல்யாணம் அது.

அவரோட வேலையில இன்னொரு வேலையும் இருந்துச்சு. அதை அவரு வீட்டுல பேசவே மாட்டாரு. வார்டுல யாராவது இறந்துட்டா, சொந்தக்காரங்க வந்து பார்க்கறதுக்குள்ள அவங்களைச் சரிபண்ணி வைக்கிறது. கண்ணை மூடி மேல ஈரப்பஞ்சு வைக்கணும். வாய் திறந்துக்காம தாடையைக் கட்டணும். உடம்பு விறைக்கறதுக்குள்ள கையையும் காலையும் நீட்டி விடணும். முகத்தைத் துடைக்கணும், ரத்தமோ கறையோ இருந்தா கழுவணும். மோதிரம், கம்மல் எதுவா இருந்தாலும் கழட்டி ஒரு துணியில முடிஞ்சு தன் பையில வச்சுக்கிட்டு, சொந்தக்காரங்க வந்ததும் அவங்க கையிலயே குடுக்கணும். மேசை மேல வச்சா காணாமப் போயிடும்னு அந்த வார்டுல ஒரு வழக்கம். மத்த உதவியாளருங்க இந்த வேலைன்னா நழுவிடுவாங்க. "பூனை எங்க, பூனையைக் கூப்பிடு"ன்னுதான் எப்பவும்.

சின்னவளும் அவரும் குடியிருந்தது ஒரு கடிகாரக்காரர் வீட்டுல. கீழே இவங்க, மாடியில அவரு. மனைவி போய்ச் சேர்ந்துட்டாங்க, ஒரே பொண்ணு வெளியூர்ல. சர்க்கரை வியாதி. தினமும் காலையில மாப்பிள்ளை மேல போய் ஊசி போட்டுட்டு, கொஞ்ச நேரம் பேசிட்டு வருவாரு. பேசுறதுன்னா, கிழவரு பேசுவாரு, இவரு தலையாட்டுவாரு. ரெண்டு பேருக்கும் அப்படி ஒத்துப்போச்சு. எங்கப்பா இருந்திருந்தா அவரைக்கூட நீங்க இப்படிப் பார்த்துக்கிட்டிருப்பீங்களான்னு சின்னவ இவரைச் சீண்டுவா.

அன்னிக்குப் பொண்ணு ஊர்லேர்ந்து வர்ற நாள். காலை பஸ்ஸுல ஏறிட்டேன்னு போன் வந்திருந்துச்சு. மாப்பிள்ளை வழக்கம்போல ஊசியை எடுத்துக்கிட்டு மேல போனாரு. கிழவரு சமையலறையில தரையில கிடந்தாரு. தலைக்குப் பின்னாடி ரத்தம். நாடி இல்ல, உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. போனது போனதுதான்னு இவருக்குத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு.

நீங்களும் நானும்னா என்ன பண்ணியிருப்போம்? கத்தியிருப்போம். தெருவுக்கு ஓடியிருப்போம். அந்த மனுஷன் என்ன பண்ணினாரு தெரியுமா? தூக்கிக் கட்டில்ல படுக்க வச்சாரு. கண்ணை மூடினாரு. துண்டைக் கிழிச்சுத் தாடையைக் கட்டினாரு. தலையைக் கழுவினாரு, முகத்தைத் துடைச்சாரு, சட்டை மாத்தினாரு, தரையை அலசி விட்டாரு. விரல்ல இருந்த மோதிரத்தைக் கழட்டிக் கைக்குட்டையில முடிஞ்சு பையில வச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் கீழ வந்து போன் பண்ணினாரு. "பொண்ணு வந்து அவரை அந்தக் கோலத்துல பார்த்துடக் கூடாதுன்னு நினைச்சேன் அக்கா"ன்னு என்கிட்ட சொன்னாரு. அவ்வளவுதான் அவரு யோசிச்சது. ஐயோ, பிழைக்கத் தெரியாத மனுஷா!

போலீசு வந்தப்போ பையில மோதிரம். தரை பளிச்சுன்னு. ரத்தத்துணி வாளியில ஊறிக்கிட்டு இருக்கு. இதுக்கு மேல அவங்களுக்கு என்ன வேணும்?

கிழவரு வழுக்கி விழுந்து அடுப்பு மேடையில தலை இடிச்சாரா, இல்ல எவனாவது வந்து அடிச்சானா, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. தரை இருந்தபடியே இருந்திருந்தா சொல்லியிருக்கலாம்னு அந்தப் போலீசு டாக்டரே கோர்ட்டுல சொன்னாரு. தரையைக் கழுவினப்பவே மாப்பிள்ளை தான் தப்பிக்கிற வழியையும் சேர்த்துக் கழுவி விட்டுட்டாரு. வார்டு நர்சம்மா வந்து, "இவருக்குக் கை பழகின வேலைங்க, எங்க வார்டுல தினமும் செய்யறதுதான்"னு சாட்சி சொன்னாங்க. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இவரு பட்டப்பேரு என்னம்மா?"ன்னு கேட்டாரு. அவங்க பாவம், "பூனைங்க"ன்னாங்க. "சத்தம் இல்லாம உள்ள போய்ச் சத்தம் இல்லாம வெளிய வர்றவரு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு அந்த ஆளு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கத்தரிக்கோல் மட்டும் கையில இருந்திருந்தா அந்தக் கறுப்பு அங்கியைக் கந்தலாக்கியிருப்பேன்.

பொண்ணும் சாட்சி சொன்னா. அழுதுக்கிட்டே சொன்னா. அவளை நான் குத்தம் சொல்லமாட்டேன். அப்பாவோட மோதிரம் இன்னொருத்தன் பையிலேர்ந்து வந்தா யாருக்குத்தான் மனசு கேக்கும்? ஆயுள் தண்டனைன்னு தீர்ப்பு. மேல் கோர்ட்டுலயும் அதே கதை.

வருஷம் போச்சு. சின்னவளுக்குத் தலை நரைச்சுது. சலவைப் பிரிவுல வெந்நீர்லயும் சோடாவுலயும் கிடந்து கையெல்லாம் தோல் உரிஞ்சிருக்கும். பிள்ளை குட்டி இல்ல. "வேற வாழ்க்கை பார்த்துக்கோ"ன்னு சொன்னவங்க எல்லாரும் அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. என் தங்கச்சியாச்சே. ஜெயிலுக்குப் போற அன்னிக்கு மட்டும் நல்லா உடுத்தித் தலைவாரிக்கிட்டுக் கிளம்புவா. உள்ள அவரு ஜெயில் ஆஸ்பத்திரியிலதான் வேலை பார்த்தாரு. அங்கயும் அதே வேலை. அங்கயும் பூனைதான்.

அப்புறம் விடுதலைக் குழுன்னு ஒண்ணு வந்துச்சு. நன்னடத்தை உள்ளவங்களைக் கூப்பிட்டுப் பேசி வெளிய விடுவாங்க. ஆனா செஞ்ச குத்தத்தை வாயால ஒத்துக்கணும், மனசு வருந்தறேன்னு சொல்லணும். மாப்பிள்ளை போனாரு. "நான் செய்யலைங்க"ன்னாரு. திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி கூப்பிட்டாங்க. மறுபடி, "நான் செய்யலைங்க." மறுபடி திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தத் தடவையும் இல்லைன்னா இனிமே கூப்பிடமாட்டோம்னு வக்கீல் மூலமா சொல்லி விட்டாங்க.

குழு கூடறதுக்கு முந்தின வாரம் நாங்க ரெண்டு பேரும் போனோம். நடுவுல ஒரு மரமேசை, அந்தப் பக்கம் அவரு. இளைச்சுப்போய் இருந்தாரு. நான் ஆரம்பிச்சுட்டேன். "சொல்லித் தொலைங்களேன் மாப்பிள்ளை! ஒரு வார்த்தை. அரிச்சந்திரனுக்குத் தம்பியா நீங்க? இவ கையைப் பாருங்க. இவ இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தக் கையோட வந்து போவா?"

அவரு சின்னவ கையைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்துட்டுச் சொன்னாரு.

"சொல்லிடலாம் அக்கா. எனக்கு ஒரே ஒரு பயம். நான் என் வாயாலயே சொல்லிட்டா, இவளுக்கு மனசுல ஒரு மூலையில நிஜம்தானோன்னு தோணிடும். எப்பவாவது நான் தூங்கும்போது என்னைப் பார்த்து யோசிப்பா. அதுக்கு நான் இங்கயே கிடந்துடுவேன்."

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. என் வாய் அடைச்சதுன்னா நீங்களே பார்த்துக்கோங்க.

சின்னவ அழல. சிரிச்சா. "இவ்வளவுதானா? நீங்க சொல்லுங்க. நான் நம்பமாட்டேன்."

"நம்பமாட்டியா?"

"நீங்க சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டேன். வெள்ளை விரிப்பு இருக்கான்னு கேக்கறதுக்கே நடுங்கின ஆளு நீங்க. உங்க பேச்சை யாரு நம்புவா? போய்ச் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க."

மனுஷன் மேசையில முகத்தை வச்சுக்கிட்டாரு. காவலர்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அப்புறம் நிமிர்ந்து, "சரி, சொல்றேன்"ன்னாரு.

குழு கூடினது ஜெயிலுக்குள்ள ஒரு நீள அறையில. ஒரு பக்கம் நாங்க ரெண்டு பேரும் பெஞ்சுல. இன்னொரு பக்கம் அந்தப் பொண்ணு. பாதிக்கப்பட்டவங்க குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். முன்ன ரெண்டு தடவையும் அவ வரல. இப்ப அவளுக்கும் கண்ணாடி, நரை. எங்களைப் பார்க்கல. மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரு, வயசானவரு, சளி பிடிச்சிருந்துச்சு, மூக்கைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு.

"போன தடவை செய்யலைன்னு சொன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

"சொல்றேங்க"ன்னாரு மாப்பிள்ளை.

"சரி, எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க."

இதை நாங்க யாரும் யோசிக்கல! ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு இருந்துட்டோம். எப்படின்னு கேப்பாங்கன்னு அந்த வக்கீல்கூட சொல்லல, அவன் தலையில இடி விழ. செய்யாத வேலையை எப்படிச் செஞ்சேன்னு அந்த மனுஷன் எப்படிச் சொல்வாரு? நான் பெஞ்சு நுனிக்கு வந்துட்டேன்.

"காலையில ஊசியை எடுத்துக்கிட்டு மேல போனேங்க. சமையலறையில கிடந்தாரு. தூக்கினேன். ரொம்ப லேசா இருந்தாரு. கட்டில்ல படுக்க வச்சேன். முதல்ல கண்ணை மூடினேன்..."

"அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லுங்க"ன்னாரு தலைவரு.

"அதுக்கு முன்னாடி..." வாய் திறக்குது, வார்த்தை வரல. சின்னவளைப் பார்த்தாரு. அவ சொல்லுங்கன்னு தலையாட்டறா. அவரு முயற்சி பண்றாரு, கழுத்து நரம்பெல்லாம் தெரியுது. "அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியலைங்க"ன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

தலைவரு பேனாவை மூடினாரு. அவ்வளவுதான், எல்லாம் போச்சுன்னு நான் நினைச்சுட்டேன்.

அப்பதான் அந்தப் பொண்ணு, "அவரைச் சொல்ல விடுங்க"ன்னா. "கண்ணை மூடினீங்க. அப்புறம்?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பிச்சாரு. ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்ககிட்ட பேசற மாதிரி, மெதுவா, ஒண்ணையும் விடாம. பஞ்சு கிடைக்காம, கிழிச்ச துண்டுல மிச்சத்தை நனைச்சுக் கண்ணு மேல வச்சது. வெதுவெதுப்பா தண்ணி வச்சுத் தலையைக் கழுவினது. சட்டைக்குப் பொத்தான் இல்லாததால வேற சட்டை தேடி எடுத்தது. கோர்ட்டுல இதையெல்லாம் தடயம் தடயம்னுதான் பேசினாங்க. அந்தப் பொண்ணுக்கு அவ அப்பா கதையா இதை அன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லவே இல்ல.

"அப்பா முகம் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா.

"அமைதியாத்தாம்மா இருந்துச்சு. தூங்கற மாதிரி. நீங்க வர்றீங்கன்னு தலை சீவி விட்டேன். வகிடு எந்தப் பக்கம்னு சட்டுனு ஞாபகம் வரல. இடது பக்கம் எடுத்தேன்."

அவ கண்ணாடியைக் கழட்டிட்டா. அழறாளா சிரிக்கறாளான்னு தெரியல. "அப்பாவுக்கு வலது பக்கம். வேற யாரோ மாதிரி இருந்தாரு. ஏன்னே தெரியாம இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

மாப்பிள்ளைக்கு முகமே செத்துப்போச்சு. இத்தனை வருஷத்துல, தீர்ப்பு சொன்ன அன்னிக்குக்கூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்ல. ரெண்டு கையையும் கூப்பினாரு. "தப்பு பண்ணிட்டேம்மா. தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க"ன்னாரு. கண்ணுலேர்ந்து கொட்டுது.

தலைவரு அந்தப் பொண்ணைப் பார்த்து, "உங்களுக்கு ஆட்சேபணை இருக்காம்மா?"ன்னு கேட்டாரு.

"இல்லைங்க. அவரை வீட்டுக்கு அனுப்பிடுங்க"ன்னா.

தலைவரு மூக்கைத் துடைச்சுக்கிட்டாரு. பேனாவைத் திறந்து, பக்கத்துல இருந்தவருக்குச் சத்தமா சொல்ல ஆரம்பிச்சாரு. "கைதி தான் செய்த குற்றத்துக்காக மனம் வருந்தி, இறந்தவரின் மகளிடம் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்..." அவருக்குப் புரியலையா, புரிஞ்சேதான் அப்படி எழுதச் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எழுந்து நின்னுட்டேன். "ஐயா! அவரு மன்னிப்புக் கேட்டது வகிட்டுக்கு..."

சின்னவ என் கையைப் பிடிச்சு இழுத்தா. அந்தத் தோல் உரிஞ்ச கையில அவ்வளவு பலம் எங்கேர்ந்து வந்துச்சோ. "அக்கா, உக்காரு. எதுக்கு வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும். அவரு வீட்டுக்கு வரட்டும்."

நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்தேன்.