யானை பார்க்கப் போன லோரி

வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்திருந்தபோது, ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வாசலில் சோதனை செய்து, சோற்றுப் பொட்டலம் இல்லை என்று தெரிந்த பிறகே வேலைக்கு விடுவார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். காட்டோரம் போனால் சுடுவார்கள்.

அந்தக் காட்டோரத்துக்கு ஒருநாள் தோட்ட மேலாளரான துரையே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். புது ரப்பர்க் கன்றுகளைத் தின்ன யானைகள் இறங்கியிருந்தன. சிரம்பானிலிருந்து வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஆப்பிரிக்காவில் சிங்கமெல்லாம் பார்த்தவர்களாம். சேற்றுப் பாதையில் கார் போகாது என்பதால், ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகப் பெண்கள் நாங்கள் ஏறியிருந்த லோரியைக் கேட்டார்கள்.

“எல்லாரும் எறங்கி நடங்க,” என்றார் எங்களிடம் வேலை வாங்கும் மண்டோர்.

“எறங்க மாட்டோம்,” என்றேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. “அந்தக் கன்னுக்குக் குழி தோண்டுனது நாங்க. ஆனைய நாங்க மட்டும் பாக்கக்கூடாதா?”

“தொரை வராருலா, வாய மூடு!”

“வரட்டும். அவருகிட்டயே கேக்குறேன்.”

பக்கத்து வீட்டு அக்கா பால்வாளியை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஒருத்தியும் அசையவில்லை. யானைகள் போய்விடுமே என்ற அவசரத்தில் துரை எங்களோடேயே லோரியை எடுக்கச் சொன்னார்.

மேட்டில் நிறுத்தினார்கள். கீழே கூட்டமாக நின்ற யானைகளில் ஒரு பெண்யானை ரப்பர்க் கன்றை வேரோடு பிடுங்கி, மண்ணைக் காலில் தட்டிவிட்டுத் தின்றது. அதன் வயிற்றடியில் குட்டி நின்றது. அந்தக் காட்டை ஒட்டியே பிறந்து வளர்ந்தவள் நான். யானையைப் பார்த்தது அன்றுதான். யாரிடமும் அனுமதி கேட்காமல் அவை நின்றதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

விருந்தாளிகளில் கணவர் இறங்கி, கொண்டுவந்திருந்த துப்பாக்கியைத் தாயின் பக்கம் நீட்டினார்.

நான் வெட்டுக்கத்தியின் பிடியால் வாளியை ஓங்கித் தட்டினேன். அக்கா தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். யானைகள் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தன.

துரையின் முகம் சிவந்தது. “யார் மொதல்ல தட்டினது?”

“நான்தான். குட்டி இருந்துச்சு.”

மறுநாளே என்னைப் பால்வெட்டிலிருந்து எடுத்து, நிழலே இல்லாத மேட்டில் புல் வெட்டப் போட்டார்கள். “நானுந்தான் தட்டுனேன்,” என்று அக்காவும் மண்வெட்டியோடு வந்துவிட்டாள். வெயிலில் முதுகு தோலுரிந்தது.

ஒருநாள் மண்டோர் வந்தார். “தொரைகிட்ட மன்னிப்புக் கேட்டா திரும்ப வெட்டுக்குப் போகலாம்.”

“எதுக்கு மன்னிப்பு?”

அவர் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு, பால்வெட்ட ஆள் போதாமல் அவர்களே எங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.