பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

மேசை இழுப்பறையிலிருந்து அந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்தேன். உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. ஒரு மூலையில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. என் மதினி வைத்த பொட்டு. அண்ணன் மனைவி என்பதைவிட எனக்கு முதலாளி என்றால்தான் பொருந்தும். ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொடுக்கும் கடை அவளுடையது. அவள் கேமராவைத் தோளில் வைத்துப் படம் பிடிப்பாள். நான் லைட் பிடிப்பேன், பிறகு கடைக்கு வந்து எடிட் செய்வேன். இந்த டிஸ்க்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது.

தேவதானத்தில் எடுத்த ஒரு கல்யாணம் இதற்குள் இருந்தது. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளையின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி கடைக்கு வந்து, "மத்ததெல்லாம் பொறவு பாப்போம் தாயி. அவிய பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிப் பேசுனத மட்டும் எனக்குக் கேக்கணும்" என்றார். கேமரா கார்டை அடுத்த விசேஷத்துக்காக அழித்தாயிற்று. உலகத்தில் அந்த மனிதரின் பேச்சு மிச்சமிருந்தது இந்த டிஸ்க்கில் மட்டும்தான். அதைச் சொருகினால் வரும், படம் ஓடும், செத்த நேரத்தில் திரையிலிருந்து காணாமல் போகும். இப்படி அறுந்து அறுந்து உள்ளே இருப்பதும் கெட்டுவிட்டால் அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? பயந்து செத்தேன்.

எடிட்டிங் சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். கேபிளை மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரிப்பேர் பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். இருக்கிற ஒரே டிஸ்க்கைப் பஸ்ஸில் கொண்டுபோக மதினி விடவில்லை. பாய் தன்னுடைய டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தார். மணிக்கணக்காக ஓடியது. "பெட்டி நல்லாத்தானம்மா இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்திப் பாருங்க. ரெண்ட மாத்துனீங்கன்னா எதுல கோளாறுன்னே தெரியாமப் போயிரும்" என்று அனுப்பிவைத்தார். கடைக்கு வந்து மாட்டினால் பழைய கதைதான். மறுபடியும் பஸ், மறுபடியும் அங்கே ஓடியது, இங்கே நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடுகிற பெட்டிக்கு ராஜபாளையம் என்ன பாவம் செய்தது? கரண்டா, வெயிலா, மில்லிலிருந்து பறந்து வரும் பஞ்சா? யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்காத குறை.

அடுத்த முறை பெட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல் பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் முதல் வேலையாக ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து, பெட்டியின் முன்பக்கம் டிஸ்க் சொருகும் இடத்தைத் தேய்த்தார். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. எனக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு முறை பெட்டி கடைக்குத் திரும்பும்போதும் மதினி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஆயுத பூஜையன்று வைத்ததுபோலவே, ஈரச் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து முன்பக்கம் பொட்டு வைப்பாள். அது வழிந்து நேராக அந்த ஓட்டைக்குள் இறங்கியிருக்கிறது. "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா பாய்?" என்று கோபப்பட்டேன். அவர் பிரஷ்ஷைப் பார்த்தபடி, "நீங்க சாமிக்கு வச்சது. அதுல குத்தம்னு நா எப்பிடிம்மா சொல்லுவேன்?" என்றார்.

மதினியிடம் சொன்னேன். "அடி போடி இவளே! பொட்டு வைக்கலேன்னா மட்டும் ஓடிருமாக்கும்?" என்று எகிறினாள். ஆனாலும் அன்றைக்குப் பெட்டியின் தலையில் ஒன்று, டிஸ்க்கின் மூலையில் ஒன்று என்று ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து வைத்தாள். டிஸ்க் நிற்காமல் ஓடியது. "பாத்தியா? பொட்டு வச்சேன், ஓடுது!" என்று என் முதுகில் தட்டினாள். இந்த மனுஷியிடம் என்னத்தைப் பேச?

பெரியவர் பேசியதை எடுத்தேன். நடுவில் கேமராவுக்குப் பின்னாலிருந்து மதினி போட்ட சத்தத்தையெல்லாம் வழக்கம்போல வெட்டி எறிந்தேன். எந்தக் கல்யாணத்திலும் அதுதான் என் முதல் வேலை. தேவதானத்து அம்மா கடையில் உட்கார்ந்து கேட்டார். "அவியதான். அவிய கொரலேதான்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போன வருஷம் மதினியும் திடீரென்று போய்விட்டாள். ஊரையெல்லாம் படம் பிடித்தவள், தன்னைப் பிடிக்க யாரையும் விட்டதில்லை. போனில் தேடினேன், அவள் குரல் எங்கேயும் இல்லை. மற்ற கல்யாணங்களின் வெட்டாத படங்களை அப்போதைக்கப்போதே அழித்துவிட்டோம். பட்ட பாட்டில் இதை மட்டும் அழிக்கக் கை வரவில்லை.

இன்று காலை இழுப்பறையிலிருந்து எடுத்து இதைச் சொருகினேன். வரவில்லை. புதுக் கம்ப்யூட்டர், சொருகும் இடத்தில் தூசிகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். வேறு கேபிளை மாட்டினேன். மாட்டிய கையோடு சந்தனம் குழைத்துப் பழைய பொட்டின் மேலேயே புதிதாக ஒன்றும் வைத்தேன். டிஸ்க் வந்துவிட்டது. பாய் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எதனால் வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அந்த இடத்துக்குப் போனேன். பெரியவர் திருநீற்றுத் தட்டில் கை வைக்கிறார். படத்தில் தெரியாத மதினி கத்துகிறாள்: "ஏட்டி, கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன். ஒன் நெழலு விழுது!"

நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.